அமெரிக்கா ஏன் விடாமல் மேற்கே மேற்கே என்று போனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மண்டபம் மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. வரலாறு படிக்கிறேன், வீடு மண்டபம். அமெரிக்க வரலாறு தாளில் மேற்கு நோக்கிய விரிவாக்கம் பற்றி ஒரு பெரிய கேள்வி வரும் என்கிறார்கள். கைடைப் புரட்டினால், கண்டம் முழுக்கப் பரவுவது கடவுள் தங்களுக்குக் கொடுத்த பொறுப்பு என்று அமெரிக்கர்கள் நம்பினார்கள், அதனால் போனார்கள் என்று நாலு வரியில் முடித்துவிட்டு, எந்த வருடம் எதைச் சேர்த்தார்கள் என்ற பட்டியலுக்குத் தாவிவிடுகிறது. எனக்கு அது இறங்கவில்லை. 1783-ல் பிரிட்டனோடு உடன்படிக்கை போட்டபோதே மிசிசிப்பி ஆறு வரைக்கும் அவர்கள் பங்குக்கு வந்துவிட்டது. 1790-ல் எடுத்த முதல் கணக்கெடுப்பில் மொத்தமே 39 லட்சம் பேர்தான், அதில் சுமார் 7 லட்சம் பேர் அடிமைகள். அவ்வளவு பேருக்கு அவ்வளவு நிலம் போதாதா? அப்புறமும் 1803, 1845, 1848 என்று நிற்காமல் போனதற்கு நிஜமான காரணம் என்ன? பணமா, பயமா, பக்தியா? பரீட்சையை விடுங்கள், எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

பழைய சர்வேயர்:

ஏம்மா, நான் சர்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் நிலத்தில் இருந்துதான் ஆரம்பிப்பேன். சண்டை போட்டு சுதந்திரம் வாங்கியாச்சு, ஆனால் கஜானாவில் காசு கிடையாது, தலைக்கு மேல் கடன், சண்டை போட்ட சிப்பாய்க்குச் சம்பள பாக்கி. அந்தச் சமயத்தில் இருந்த மத்திய அரசுக்கு வரி போடும் அதிகாரமே இல்லை. அதன் கையில் இருந்த ஒரே சொத்து மேற்கே கிடந்த நிலம். அதை அளந்து விற்றுத்தான் கடனை அடைக்க வேண்டும் என்று 1785-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு சதுரம், அதற்குள் 36 கட்டம், ஒவ்வொரு கட்டமும் 640 ஏக்கர், அதில் 16-ம் எண் கட்டத்தைப் பள்ளிக்கூடச் செலவுக்கு என்று ஒதுக்கிவிட வேண்டும். மற்றதில் பெரும்பகுதி ஏலம், ஏக்கருக்குக் குறைந்தது ஒரு டாலர். ஆறு, மேடு, காடு, ஊர் எதையும் பார்க்காமல் காகிதத்தில் கோடு கிழித்துக்கொண்டே போன வேலை அது.

அளக்கப் பயன்படுத்தியது என்ன தெரியுமா? கன்டர் சங்கிலி. 66 அடி நீளம், 100 லிங்க். நம் ஊர் பழைய புல வரைபடத்தில் லிங்க் கணக்கில் எழுதியிருப்பதெல்லாம் அதே சங்கிலிதான், ஒரு சென்ட் என்பது 1000 சதுர லிங்க். திருவாடானையிலும் ஒஹாயோவிலும் ஒரே சங்கிலியைத்தான் இழுத்திருக்கிறார்கள். நிறையப் பேருக்குத் தெரியாத இன்னொன்று, ஜார்ஜ் வாஷிங்டனே 17 வயதில் சர்வேயர் வேலைக்குப் போனவர். அளக்கப் போன இடத்தில் நல்ல நிலம் எது என்று கண்ணில் படும், அப்புறம் சும்மா இருக்க முடியுமா? மலைக்கு மேற்கே ஏராளமாக வாங்கிப் போட்டார். 1763-ல் அப்பலாச்சியன் மலைக்கு அந்தப் பக்கம் யாரும் குடியேறக் கூடாது என்று பிரிட்டன் தடை போட்டது அவரைப் போன்றவர்களுக்குப் பெரிய எரிச்சல். சுதந்திரப் போருக்கு வரி மட்டும்தான் காரணம் என்று நினைக்காதே, இதுவும் ஒன்று.

நிலம் போதாதா என்று கேட்டாயே, போதும், பயிர் வைப்பதற்கு மட்டும் என்றால். வர்ஜீனியாவில் புகையிலை போட்டார்கள், அது சில வருடத்திலேயே மண்ணை உறிஞ்சி எடுத்துவிடும். நம் ஆட்கள் என்றால் கிடை போடுவார்கள், வண்டல் அடிப்பார்கள். அங்கே கூலி விலை அதிகம், நிலம் விலை குறைவு. அதனால் பழைய நிலத்துக்கு எருப் போடுவதை விடப் புதுக்காட்டை வெட்டுவது லாபம். அதோடு, விளைச்சலை விட நிலத்தை வாங்கி விற்பதில்தான் பெரிய காசு. கிழக்குக் கடற்கரைச் சாலை வரப்போகிறது என்று காதில் விழுந்த உடனே சாயல்குடி பக்கம் உவர் நிலத்தைக் கூட புரோக்கர்கள் வளைத்துப் போட்டார்களே, அந்தக் கூத்துத்தான் அங்கே நூறு வருடம் நடந்தது. விலையைப் பார்த்தாலே புரியும். 1796-ல் ஏக்கர் இரண்டு டாலர் ஆனது, சாதாரணக் குடும்பத்தால் மொத்தமாகக் கட்ட முடியவில்லை, 1820-ல் ஒன்றேகால் டாலருக்கு இறக்கி 80 ஏக்கர் வரை உடைத்து விற்றார்கள், கடைசியில் 1862-ல் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் ஏறக்குறைய இலவசம். ஓட்டுப் போடும் ஏழை விவசாயி அதிகமாக அதிகமாக விலை இறங்கிக்கொண்டே வந்தது.

தொண்டிக்காரர்:

இவ்வளவுக்கும் பதில் ஒரே வார்த்தை. ஆசை.

கீழக்கரை கடைக்காரன்:

தொண்டியண்ணே, ஆசை எந்த நாட்டுக்குத்தான் இல்லை? எந்த இடத்தைக் கேட்டு எந்த இடத்தை விட்டார்கள் என்று பார்த்தால்தானே எது மேல் ஆசை என்று தெரியும்.

தங்கச்சி, சர்வேயர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் அவர் தரையிலேயே நிற்கிறார். எங்கள் முன்னோர் சங்கு ஏற்றி வங்காளத்துக்கு அனுப்பியவர்கள், அதனால் எதைப் பார்த்தாலும் எனக்குத் துறைமுகம்தான் முதலில் கண்ணில் படும். 1803-ஐ எடுத்துக்கொள். ஜனாதிபதி ஜெபர்சன் கேட்டது மிசிசிப்பிக்கு மேற்கே பரந்து கிடந்த லூசியானா முழுவதையும் இல்லை, நியூ ஆர்லியன்ஸ் என்ற ஒரே ஒரு ஊரையும் அதை ஒட்டிய கொஞ்சம் கடற்கரையையும்தான். ஏன்? ஒஹாயோ ஆற்றுப் பக்கம் குடியேறியவன் மாவு, உப்புப் போட்ட பன்றிக்கறி, சாராயம், புகையிலை எல்லாவற்றையும் மலை தாண்டிக் கிழக்கே கொண்டுபோக வண்டிக்கூலி கட்டாது. தட்டையான மரப் படகு ஒன்று செய்து, சரக்கை ஏற்றி, ஆற்றோட்டத்திலேயே நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் மிதந்து போவான். அந்தப் படகு எதிரோட்டத்தில் திரும்பாது. அங்கேயே உடைத்துப் பலகையாக விற்றுவிட்டு, காட்டு வழியில் நடந்தே வீட்டுக்கு வருவான். சரக்கு கடல் கப்பலுக்கு மாறுகிற வரைக்கும் அந்த ஊர்க் கிடங்கில் வைத்தாக வேண்டும். ஊர் ஸ்பெயின் கையில். 1795 உடன்படிக்கையில் கிடங்கில் வைத்துக்கொள்ள அனுமதித்த ஸ்பெயின்காரன், 1802 அக்டோபரில் திடீரென்று முடியாது என்றுவிட்டான். அதற்குள் அந்தப் பகுதி நெப்போலியனுக்குக் கைமாறப் போகிறது என்ற செய்தியும் வந்துவிட்டது. மேற்கே இருந்தவர்களின் பிழைப்பே ஒரு கதவில் மாட்டிக்கொண்டது. நியூ ஆர்லியன்ஸ் யார் கையில் இருக்கிறதோ அவன்தான் நமக்கு இயல்பான எதிரி என்ற பொருளில் ஜெபர்சன் அந்த வருடமே பாரிஸில் இருந்த தூதருக்கு எழுதினார்.

ஒரு கோடி டாலர் வரை பேசலாம் என்று ஆள் அனுப்பினால், முழுவதையும் எடுத்துக்கொள்கிறாயா என்று நெப்போலியன் பக்கத்தில் இருந்தே கேள்வி வருகிறது! அதற்குக் காரணம் ஹைத்தி, பிரான்ஸ் கையில் இருந்த கரும்புத் தீவு. அங்கே அடிமைகள் எழுந்து நின்றார்கள், அடக்கப் போன பிரெஞ்சுப் படை சண்டையிலும் அதைவிட அதிகமாக மஞ்சள் காய்ச்சலிலும் செத்தது, நெப்போலியனின் தங்கை புருஷன் லெக்லேர்க்கும் அதில் போனார். சர்க்கரைத் தீவு போனபின் அதற்குத் தானியம் கொடுக்க வைத்திருந்த லூசியானா எதற்கு? இங்கிலாந்தோடு சண்டைக்குக் காசும் வேண்டும். ஒன்றரைக் கோடி டாலருக்கு முடிந்தது, நாடு இரண்டு மடங்காகிவிட்டது. ஹைத்தி அடிமைகள் ஜெயித்ததால் அமெரிக்கா பெருத்தது, அப்படிப் பெருத்த நிலத்தில் ஒரு பகுதி மறுபடி அடிமைகளை வைத்துப் பயிர் செய்யப் போனது. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

அடுத்து பசிபிக் கடற்கரை. விவசாயி அங்கே போவதற்கு ரொம்ப முன்னாலேயே பாஸ்டன் கப்பல்கள் போய்விட்டன. கடல் நீர்நாய்த் தோலை வாங்கி சீனாவில் கான்டனில் விற்று, தேயிலை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும் வியாபாரம் 1790 வாக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் கலிபோர்னியா மாட்டுத்தோல், அது மாசசூசெட்ஸ் செருப்புத் தொழிலுக்கு. 1844-ல் சீனாவோடு முதல் உடன்படிக்கை போடுகிறார்கள், 1845-ல் ஜனாதிபதி போக் மெக்சிகோவுக்கு ஆள் அனுப்பி, கலிபோர்னியாவையும் நியூ மெக்சிகோவையும் இரண்டரைக் கோடி டாலர் வரை கொடுத்து வாங்கப் பார்க்கிறார். அவர் கண் சான் பிரான்சிஸ்கோ வளைகுடா மேல். தங்கத்துக்காகத்தான் கலிபோர்னியாவைப் பிடித்தார்கள் என்று மட்டும் எழுதிவிடாதே தங்கச்சி. தங்கம் கண்ணில் பட்டது 1848 ஜனவரி 24, சண்டையில் தோற்ற மெக்சிகோ கலிபோர்னியாவை எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டது பிப்ரவரி 2. நடுவில் ஒன்பது நாள், அந்தச் செய்தி கையெழுத்துப் போட்டவர்கள் காதுக்கே எட்டியிருக்காது.

பரமக்குடி வாத்தியார்:

கடைக்காரர் தம்பி அடிமைகளைப் பற்றி ஒரு வரி தொட்டுவிட்டு நகர்ந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. துறைமுகம் என்றே எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது. டெக்சாஸில் என்ன பெரிய துறைமுகம் கண்டார்கள்?

பருத்தியை விட்டுவிட்டு இந்த வரலாறு கிடையாது. 1793-ல் எலி விட்னி விதை பிரிக்கும் இயந்திரம் செய்தார், கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி விளைகிற குட்டை இழைப் பருத்தி திடீரென்று காசு பார்க்கும் பயிர் ஆனது. மான்செஸ்டர் ஆலைகள் எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கின. ஜார்ஜியாவில் தொடங்கி அலபாமா, மிசிசிப்பி, லூசியானா என்று கரிசல் மண்ணைத் தேடித் தோட்டக்காரர்கள் மேற்கே நகர்ந்தார்கள், கூடவே சுமார் பத்து லட்சம் அடிமைகளைக் கிழக்கில் இருந்து பெயர்த்து அங்கே கொண்டுபோய்த் தள்ளினார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் ஏலம். மேற்கே போனவர்கள் என்றால் வண்டி கட்டிக்கொண்டு போன வெள்ளைக்காரக் குடும்பம்தான் நம் மனதில் வருகிறது. சங்கிலியில் கோத்து நடத்திக்கொண்டு போனவர்களும் அதே மேற்குக்குத்தான் போனார்கள். சர்வேயர் ஐயா வேறு சங்கிலியைப் பற்றிச் சொன்னார், இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டெக்சாஸ் மெக்சிகோவின் பகுதி. ஆள் இல்லாத இடம் என்று மெக்சிகோவே அமெரிக்கர்களைக் கூப்பிட்டுக் குடி வைத்தது. வந்தவர்கள் பருத்தியோடும் அடிமைகளோடும் வந்தார்கள். 1829-ல் மெக்சிகோ அடிமை முறையை ஒழித்து ஆணை போட்டது, அடுத்த வருடம் இனி யாரும் வரக் கூடாது என்றது. 1836-ல் டெக்சாஸ் தனிநாடு என்றுவிட்டார்கள். அதற்கு இந்த ஒரே காரணம்தான் என்று சொல்ல மாட்டேன், மெக்சிகோவில் அதிகாரத்தை எல்லாம் தலைநகரத்துக்கு இழுத்த குழப்பமும் உண்டு. ஆனால் அதற்குப் பின் ஒன்பது வருடம் அமெரிக்கா டெக்சாஸைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மாநிலத்துக்கு செனட் என்ற மேல்சபையில் இரண்டு இடம். அடிமை மாநிலம் ஒன்று கூடினால் வடக்குக்கு ஆகாது, அடிமை இல்லாத மாநிலம் ஒன்று கூடினால் தெற்குக்கு ஆகாது. 1820-ல் மிசௌரியையும் மேயினையும் ஜோடியாகச் சேர்த்ததே அந்தக் கணக்கில்தான். ஆக, மேற்கே புது நிலம் என்பது நிலம் மட்டும் இல்லை, ஓட்டு.

பக்தி பற்றிக் கேட்டாய். கண்டம் முழுவதும் பரவுவது நமக்கு விதித்த விதி என்ற அந்தப் புகழ்பெற்ற பேச்சை ஓ சல்லிவன் என்ற பத்திரிகை ஆசிரியர் எழுதியது 1845-ல். அதற்குள் விரிவாக்கம் அறுபது வருடம் ஓடிவிட்டது. சீட்டுப் போட்டு முடித்தபின் பிள்ளையார் சுழி போட்ட மாதிரி. அதற்காக நம்பிக்கை வெறும் வேஷம் என்றும் நினைக்காதே. சொந்த நிலம் வைத்திருக்கும் விவசாயிதான் குடியரசுக்கு முதுகெலும்பு, நிலம் தீர்ந்தால் மக்கள் கூலியாகி நாடு ஐரோப்பா மாதிரி கெட்டுவிடும் என்று ஜெபர்சன் உண்மையாகவே பயந்தார். நம்பியவர்கள் நிறைய, எதிர்த்தவர்களும் கொஞ்சம் பேர் இல்லை. எங்கள் மண்ணில் எங்கள் ரத்தம் சிந்தியது என்று சொல்லி 1846-ல் போக் போர் கேட்டபோது, ரத்தம் சிந்திய அந்த இடம் யாருடைய மண் என்று முதலில் காட்டுங்கள் என அடுத்த வருடம் கீழ்சபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் ஒரு புது உறுப்பினர். பெயர் ஆபிரகாம் லிங்கன்.

முதுகுளத்தூர்க்காரி:

எல்லோரும் ஜனாதிபதி, செனட், நெப்போலியன் என்றே பேசுகிறீர்கள். சாதாரணக் குடும்பம் ஏன் போனது? 1837-ல் வங்கிகள் விழுந்து பல வருடம் விலைவாசி படுத்துவிட்டது, விளைந்ததை விற்றால் கடன் அடையாது. மிசிசிப்பி பள்ளத்தாக்கில் மலேரியாக் காய்ச்சல் வேறு விடவில்லை. பசிபிக் கடற்கரையோரம் இருக்கும் ஆரிகனில் காய்ச்சல் கிடையாது, மண் பொன்னாய் விளையும் என்று யாரோ எழுதிய கடிதம் ஊரெல்லாம் சுற்றுகிறது. மாட்டு வண்டியில் 2000 மைல், ஐந்தாறு மாதம். கடன்காரனுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுப் போனவர்கள் நம் பக்கத்தில் இல்லையா, அந்த ரகம்தான் பாதிப் பேர் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். 1850-ல் ஆரிகனுக்கு என்று ஒரு சட்டம் வந்தது, தனி ஆணுக்கு 320 ஏக்கர், கல்யாணம் ஆனவர் என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து 640, அதில் பாதி மனைவி பெயரில். மனைவி பெயரில் நிலம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் அந்த 320 ஏக்கருக்காகவே சின்னச் சின்னப் பெண்களைத் தேடிக் கல்யாணம் செய்தார்கள். அந்தப் பெண்ணிடம் மேற்கே போகலாமா என்று யார் கேட்டார்கள்?

இன்னொன்று. காலி நிலம், காலி நிலம் என்று எழுதுகிறீர்களே, எது காலி? செரோக்கி என்ற பூர்வகுடி மக்கள் ஊர் கட்டி, பயிர் வைத்து, தங்கள் மொழிக்கு எழுத்து உண்டாக்கி, 1828-ல் பத்திரிகையே நடத்தினார்கள். வெள்ளைக்காரன் மாதிரி வாழ்ந்தால் விட்டுவிடுவோம் என்று சொன்னதை நம்பி எல்லாம் செய்தார்கள். 1829-ல் பக்கத்தில் தங்கம் கிடைத்தது, 1830-ல் வெளியேற்றும் சட்டம் வந்தது, ஜார்ஜியா அரசு அவர்கள் நிலத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 1832-ல் செரோக்கி பக்கம் தீர்ப்புச் சொல்லியும் பயன் இல்லை. 1838-ல் சுமார் 16,000 பேரைத் துப்பாக்கி முனையில் கிளப்பினார்கள், ஏறக்குறைய 4,000 பேர் செத்தார்கள். விரிவாக்கத்தின் காரணம் என்ற தலைப்பில் இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த மக்களின் நிலம் பண்பட்ட நிலம். காடு திருத்திய உழைப்பு அவர்களுடையது. அதுவும் ஒரு காரணம்தான்.

மண்டபம் மாணவி:

எல்லோருக்கும் நன்றி, கைடில் இதில் பத்தில் ஒரு பங்கு இல்லை. அக்கா சொன்னதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. அதே 1803-ல்தானே கம்பெனிக்காரன் ராமநாதபுரத்தை ஜமீனாக்கினான்? 1795-ல் சேதுபதியை இறக்கிச் சிறையில் வைத்துவிட்டு, எட்டு வருடம் கழித்து வருடத்துக்கு இவ்வளவு பேஷ்குஷ், அதாவது கப்பம், கட்டு, ஜமீனை வைத்துக்கொள் என்று ராணிக்குக் கொடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா?

பரமக்குடி வாத்தியார்:

தாராளமாக. 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ்தான் 1786-ல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து, 1793-ல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் கொண்டுவந்தவர். அதன் வால்தான் ராமநாதபுரத்துக்கு வந்தது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கம்பெனிக்கு இங்கே குடியானவன் வேண்டும், அவன் உழுதால்தான் கிஸ்தி. ஜமீன்தாரும் வேண்டும், அவர்தான் வசூல் செய்து தர வேண்டும். ஆளை வைத்துக்கொண்டு விளைச்சலை எடுத்தான். அமெரிக்கனுக்கு நிலம் வேண்டும், அதில் இருந்த ஆள் வேண்டாம். உழைக்க ஆள் வேண்டிய இடத்துக்கு ஆப்பிரிக்க அடிமையைக் கொண்டுவந்தான். இதை இரண்டு பத்தியில் எழுதினால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

மண்டபம் மாணவி:

சரி சார். கடைசியாக ஒன்று. நில ஆசைதான் என்றால் வடக்கே கனடாவை ஏன் விட்டார்கள்? ஆரிகன் சண்டையில் கேட்டதில் பாதியோடு நிறுத்திக்கொண்டார்களே?

கீழக்கரை கடைக்காரன்:

1812-ல் தொடங்கிய சண்டையில் கனடாவுக்குள் நுழைந்து பார்த்தார்கள், அடி வாங்கித் திரும்பினார்கள். அந்தப் பக்கம் நிற்பது பிரிட்டிஷ் கப்பற்படை, மெக்சிகோ இல்லை.

ஆரிகனுக்கு வருகிறேன். அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து அனுபவித்த பகுதி அது. கொலம்பியா ஆற்றை எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்பது பிரிட்டனின் பேச்சு. பார்த்தால் நல்ல பேரம், பெரிய ஆறு, முகத்துவாரம் உனக்கும் எனக்கும். ஆனால் அந்த முகத்துவாரத்தில் ஒரு மணல் திட்டு கிடக்கிறது, அலை அடித்தால் கப்பலைத் தூக்கிப் போடும். 1841-ல் அமெரிக்க அரசே அனுப்பிய ஆய்வுப் பயணத்தில் பீகாக் என்ற கப்பல் அங்கேதான் தட்டி உடைந்தது. நம் கடலில் பாறையும் திட்டும் பார்த்து ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல ஆழமான, காற்றுக்கு ஒதுங்கக்கூடிய துறை வேண்டும் என்றால் இன்னும் வடக்கே பியூஜெட் சவுண்டுக்குப் போக வேண்டும். அது 49-ம் பாகை அட்சக் கோட்டுக்குத் தெற்கே, கொலம்பியாவுக்கு வடக்கே இருக்கிறது. போக் மேடையில் கேட்டது 54 பாகை 40 கலை வரைக்கும், 1846 ஜூனில் முடித்தது 49-ல். துறை கைக்கு வந்துவிட்டது, மே மாதமே மெக்சிகோவோடு சண்டை தொடங்கியாச்சு, ஒரே நேரத்தில் இரண்டு பேரோடு மோத அவர் தயாராக இல்லை. வான்கூவர் தீவு முழுவதையும் பிரிட்டன் வைத்துக்கொண்டது. செனட்டில் 41-க்கு 14 என்று ஒப்புதல் கிடைத்தது. டெக்சாஸ் என்றால் முழுசாக வேண்டும், ஆரிகன் என்றால் பாதி போதுமா என்று போக்கின் சொந்தக் கட்சியிலேயே வடக்கத்தியவர்கள் கொதித்துப்போனார்கள். இரண்டு மாதம் கழித்து ஆகஸ்டில், மெக்சிகோவிடம் வாங்கும் நிலத்தில் அடிமை முறையே கூடாது என்று வில்மட் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அவரும் அதே கட்சி, பென்சில்வேனியாக்காரர். வாத்தியார் சொன்ன சண்டை அங்கிருந்துதான் சூடு பிடித்தது, அதை அவர் எழுதட்டும், எனக்குக் கடை திறக்கிற நேரம்.